கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, மொன்டானாவின் பாப் மார்ஷல் காட்டுக்குள் நான்கு நாள் நடக்கப் போகிறானாம். உள்ளே ரோடே கிடையாதாம். மேடு பள்ளத்தைக் கோடுகளால் காட்டும் டோப்போ மேப் அனுப்பியிருக்கிறான், பார்த்தால் கைரேகை மாதிரி ஒரே பழுப்புக் கோடு. இதை நம்பிப் போகலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: போகலாம், கொஞ்சம் சந்தேகத்தோடு. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்ப்பதுதான் ஒவ்வொரு கோடும்; கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அந்தக் காட்டில் 'சைனீஸ் வால்' என்று சுமார் 1,000 அடி உயரச் சுண்ணாம்புப் பாறைச் சுவர் ஒன்று 20 மைலுக்கு மேல் நீண்டு கிடக்கிறது. 40 அடி உயரத்துக்கு ஒரு கோடு என்று வைத்தால் 25 கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தடித்த பழுப்புப் பட்டையாகத் தெரியும், அதை யாரும் தவறவிட மாட்டார்கள். ஆளைக் கவிழ்ப்பது சின்னப் பாறைதான். அதே மேப்பில் 30 அடிச் செங்குத்து இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். தாளில் சாதுவான சரிவாக இருக்கும், நேரில் போனால் கயிறு இல்லாமல் இறங்க முடியாது. கோட்டுக்குக் கோடு உயர இடைவெளி எத்தனை அடி என்று தாளின் அடியிலேயே போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பழைய 1:24,000 அளவுத் தாள்களுக்காக (தாளில் ஒரு அங்குலம் என்றால் தரையில் 24,000 அங்குலம்) யாரும் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி அளக்கவில்லை. விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஜோடி ஜோடியாகக் கருவியில் வைத்துப் பார்த்தால் மலை முப்பரிமாணமாக எழும்பி நிற்கும், அதன் மேல் ஒரு புள்ளியை நகர்த்திக்கொண்டே போய்க் கோடு இழுப்பார்கள். அடர்ந்த காட்டில் தரை எங்கே தெரியும்? மரம் இத்தனை அடி இருக்கும் என்று குத்துமதிப்பாகக் கழித்துக்கொள்வார்கள்! இப்போது லைடார் வந்துவிட்டது, விமானத்திலிருந்து விடும் லேசர் இலைச் சந்துகளில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்புகிறது. அதனால் புதிய தாள் கிடைத்தால் அதையும் வாங்கிக்கொள்ளட்டும்.

பழைய தாளில் 'என்.ஏ.டி. 27' என்று இருந்தால், அது இடங்களைக் குறிக்க 1927-இல் வகுத்த அடிப்படைக் கணக்கு, ஜி.பி.எஸ். கருவியையும் அதே கணக்குக்கு மாற்ற வேண்டும். மறந்தால் மேப்பின் கட்டங்களில் இடத்தைச் சொல்லும் எண்கள் 200 மீட்டர் அளவுக்குத் தள்ளிப்போகும், ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்பதே குழம்பிவிடும்.

அப்புறம், மேப்பில் பச்சை என்றால் காடு. வெள்ளையாக இருப்பதைப் பனி என்று நினைத்துக் கூடுதலாக ஸ்வெட்டர் மூட்டை கட்டிவிடப் போகிறான், அது மரமில்லாத வெட்டவெளி. நிரந்தரப் பனியில் கோடுகளே நீலமாக இருக்கும்.