கடல் கேள்வி: தரையில் நிற்கும் கப்பலும் பதினாறு மணியும்

கேள்வி: அக்கா மகன் கடற்படையில் இருக்கிறான். வேலை அரக்கோணத்தில். போனில் பேசினால், "லிபர்ட்டி கிடைச்சா ஞாயித்துக்கிழமை கரைக்கு வர்றேன் மாமா" என்கிறான். அரக்கோணத்தில் ஏது கடல், ஏது கரை?
– வாசகர், ராயபுரம்

பதில்: அவர் பேசுவது சரியான கடற்படைப் பேச்சுதான். அரக்கோணத்தில் இருப்பது ஐ.என்.எஸ். (இந்தியக் கடற்படைக் கப்பல்) ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம். சென்னையின் ஐ.என்.எஸ். அடையாறு, உச்சிப்புளியின் பருந்து, நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தின் கட்டபொம்மன் எல்லாமே தரையில் இருப்பவை. பெயரளவில் மட்டும் கப்பல்கள். இதற்குக் காரணம் சட்டம். பிரிட்டிஷ் கடற்படையின் ஒழுங்குச் சட்டம், ஏதாவதொரு கப்பலின் பேரேட்டில் பெயர் உள்ளவர்களைத்தான் கட்டுப்படுத்தியது. கரையில் வேலை பார்ப்பவர்களையும் அதற்குள் கொண்டுவர, முகாமுக்கே கப்பல் பெயர் வைத்தார்கள். அந்த வழக்கம் நம் கடற்படைக்கும் வந்துவிட்டது.

கப்பல் என்று ஆன பிறகு பேச்சும் அப்படியே. தரை ‘டெக்’, சமையலறை ‘கேலி’, வாசலைத் தாண்டி ஊருக்குள் போக அனுமதி ‘லிபர்ட்டி’. கழிப்பறைக்கு ‘ஹெட்ஸ்’. பாய்மரக் கப்பலில் அது முன்முனையில் இருந்தது. காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து வீசும் என்பதால் நாற்றம் கப்பலுக்குள் வராது, அலையே கழுவிவிடும்.

கேள்வி: என் கணவர் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். "நான் பன்னெண்டு-நாலு" என்று சொல்கிறார். பழைய மாலுமிகள் "எட்டு மணி அடிச்சாச்சு" என்றால் அது எட்டு மணி இல்லையாம். குழப்பமாக இருக்கிறது.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இதைப் பொறுமையாகப் பார்க்கலாம், உங்களுக்கு அன்றாடம் உதவும். கப்பல் மணி நேரத்தைச் சொல்வதில்லை; காவல் முறை, அதாவது ‘வாட்ச்’ எனும் பணி நேரம், தொடங்கி எத்தனை அரைமணி ஆனது என்பதைச் சொல்கிறது. ஒரு காவல் முறை என்பது நான்கு மணி நேரம். 12.30-க்கு ஓர் அடி, 1 மணிக்கு இரண்டு, 1.30-க்கு மூன்று. இப்படியே போய் 4 மணிக்கு எட்டு. அடுத்த காவல் முறையில் மறுபடி ஒன்றிலிருந்து. அடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, நடுவே சற்று விட்டு அடிப்பார்கள். ஐந்து என்றால் இரண்டு, இரண்டு, ஒன்று. இருட்டில் எண்ணத் தவறாமல் இருக்கத்தான் இந்த ஜோடிக் கணக்கு.

மணற்கடிகாரக் காலத்து வழக்கம் இது. அரைமணிக்கொருமுறை கடிகாரத்தைக் கவிழ்த்து, மணியை அடிக்க ஒரு பையன் இருப்பான். தூக்கம் தாங்காதவன் மணல் முழுக்க இறங்குமுன்பே கவிழ்த்து, தன் முறையைச் சுருக்கிக்கொள்வதும் உண்டு.

அந்நாளில் ஆட்கள் இரண்டு அணி. ஒரு நாளை ஆறு காவல் முறையாகப் பிரித்தால் நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான முறை தினமும் ஒரே அணியின் தலையில் விழும். அதனால் மாலை 4 முதல் 8 வரை உள்ளதை இரண்டாக வெட்டி ஏழாக்கினார்கள்; ஒற்றைப்படை என்பதால் அணிகளின் நேரம் தினமும் மாறிவரும். அந்தக் குட்டி முறைக்கு ‘டாக் வாட்ச்’ என்று பெயர். பிரிட்டிஷ் வழக்கப்படி 6 மணிக்கு நான்கு அடி, 6.30-க்கு ஐந்து அடிக்காமல் மீண்டும் ஒன்று, இரண்டு, மூன்று. 8 மணிக்கு நேரே எட்டு.

இன்றைய சரக்குக் கப்பலில் மூன்று அணி. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. வழக்கமாக 8-12 தேர்ட் ஆபீசர், 12-4 செகண்ட் ஆபீசர், 4-8 சீஃப் ஆபீசர். பகலிலும் இரவிலும் இதே நேரம்தான். ஆகவே உங்கள் கணவர் விடியற்காலை 4 மணிக்குமேல்தான் படுப்பார். காலை ஏழு மணிக்கு அழைத்தால் பாதித் தூக்கத்தில் எழுப்புகிறீர்கள். மாலை ஐந்து, ஆறு மணி நல்லது. அதுவும் கப்பலின் கடிகாரப்படி; கிழக்கே மேற்கே போகும்போது அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், எனவே அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

புத்தாண்டு நள்ளிரவில் மட்டும் பதினாறு அடி அடிப்பது மரபு: போகும் ஆண்டுக்கு எட்டு, வரும் ஆண்டுக்கு எட்டு.

கேள்வி: கப்பலில் விசில் அடிக்கக் கூடாது என்கிறார்களே, மூடநம்பிக்கையா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: காற்றைக் கூப்பிட்டுவிடும் என்ற பயமும் மாலுமிகளிடம் இருந்தது. ஆனால் உறுதியான காரணம் வேறு: போர்க்கப்பலில் கட்டளையே விசிலில்தான் வரும். ‘போசன் கால்’ எனும் அந்த ஊதலில் நான்கு பகுதிகள். வளைந்த மெல்லிய குழாய் ‘கன்’, துளையுள்ள உருண்டை ‘பாய்’, இரண்டையும் தாங்கும் தகடு ‘கீல்’, சங்கிலி மாட்டும் வளையம் ‘ஷாக்கிள்’. உருண்டையை உள்ளங்கையில் வைத்து ஊதுவார்கள். விரல்களை விரித்தால் தாழ்ந்த ஒலி, மூடினால் உச்ச ஒலி. துளையின் விளிம்பில் விரல் பட்டால் சத்தம் அடைத்துப்போகும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

பெரிய அதிகாரி ஏறும்போது ஊதும் மரியாதையும் வேலையிலிருந்து பிறந்ததே. முன்பு விருந்தினரைக் கயிற்று நாற்காலியில் உட்காரவைத்து மேலே இழுப்பார்கள். இழு, நிறுத்து என்று சொன்னது இந்த ஊதல்.

கேள்வி: வெளிக்கடலில் நிற்கும் கப்பல்களில் கறுப்புப் பந்து தொங்குகிறதே?
– வாசகர், காசிமேடு

பதில்: பகலில் முன்பக்கம் ஒரு பந்து தொங்கினால் நங்கூரம் போட்டிருக்கிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு என்றால் கப்பல் கட்டுப்பாட்டில் இல்லை, உங்களுக்கு வழிவிட அதனால் முடியாது. மூன்று என்றால் தரைதட்டி நிற்கிறது. பந்தின் விட்டம் 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நங்கூரம் எடுத்த பிறகு பந்தை இறக்க மறந்துவிடும் கப்பலும் உண்டு. பந்தை மட்டும் நம்பி அதன் முன்னால் வலை விடாதீர்கள், சங்கிலி நீருக்குள் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

இரவில் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். பச்சை மட்டும் என்றால் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உங்கள் படகை நோக்கி நேராக வருகிறது. உடனே விலகுங்கள், சரக்கேற்றிய பெரிய கப்பல் சட்டென்று நிற்காது.

கேள்வி: துறைமுக வேலைகளில் ‘சாரங்’, ‘லஸ்கர்’ என்கிறார்களே?
– வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: சாரங் என்பவர் படகு அல்லது ஆட்குழுவின் தலைவர், பாரசீகத்துச் சொல். லஸ்கர் அவருக்குக் கீழே கயிறு கட்டுவது முதலான வேலைகளைப் பார்க்கும் மாலுமி.