கராஜில் கட்டிய டியர்டிராப் கேம்பர்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவின் மிச்சிகனில் எங்கள் வீட்டு கராஜில் இதுவரை இரண்டு டியர்டிராப் கேம்பர் கட்டியிருக்கிறேன். முதலாவது மூன்றே வருடத்தில் உளுத்துப்போனது. இரண்டாவதுக்கு இது ஆறாவது கோடை, இன்னும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. வண்டியின் படத்தைப் பார்த்தவர்கள் கேட்டதை எல்லாம் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: டியர்டிராப் என்றால் என்ன அண்ணா? கேரவன் மாதிரியா?

கேரவனின் கடைக்குட்டித் தம்பி. உள்ளே இருவர் படுக்க மெத்தை, அவ்வளவுதான். எழுந்து நிற்க முடியாது. பின்பக்கம் கார் டிக்கி மாதிரி ஒரு மூடி, அதைத் தூக்கினால் அடுப்பங்கரை. பக்கவாட்டில் பார்த்தால் முன்னே உருண்டு பின்னே சரிந்து ஒரு துளி போல இருப்பதால் இந்தப் பெயர். அமெரிக்காவில் 1930களிலேயே ஆட்கள் வீட்டில் செய்து ஓட்டியிருக்கிறார்கள். 1947 செப்டம்பரில் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட்' பத்திரிகை வரைபடத்தோடு செய்முறை போட்டது. போர் முடிந்து ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் பலர் அதை வைத்து வீட்டிலேயே கேம்பர் கட்டினார்கள். இன்றைக்கும் வீட்டில் கட்டுகிறவர்கள் பலர் அந்த வரைபடத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

அளவுக்குக் காரணம் ப்ளைவுட்தான். ஒரு பலகை 4-க்கு 8 அடி. ஒரு பக்கச் சுவர் ஒரே பலகையில் வரவேண்டும் என்று நினைத்தால் வண்டி 8 அடி நீளம், 4 அடி உயரம் என்று தானாக நின்றுவிடும்.

கேள்வி: என்னிடம் ஹோண்டா சிஆர்வி. இழுக்குமா?

இழுக்கும். அமெரிக்காவில் விற்கும், ஹைப்ரிட் அல்லாத பெட்ரோல் சிஆர்விக்கு 1,500 பவுண்டு வரை, அதாவது சுமார் 680 கிலோ, இழுக்க அனுமதி உண்டு. என் வண்டி சாமான் எல்லாம் ஏற்றி 1,150 பவுண்டு. ஆனால் மொத்த எடையைவிட அது எங்கே உட்காருகிறது என்பதுதான் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காரின் பின்னால் கேம்பரை மாட்டும் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். எனக்கு அது 115 பவுண்டுக்குக் குறையக்கூடாது. கொக்கி அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று கார் புத்தகத்தில் தனியாகப் போட்டிருப்பான், அதையும் தாண்டக்கூடாது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சமையலறை வாலில் இருப்பதால் தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, அரிசி, பருப்பு எல்லாம் இயல்பாகப் பின்னாலேயே போய்ச் சேரும். வால் கனத்தால் கொக்கி லேசாகிவிடும். முதல் பயணத்தில் 7 கேலன் தண்ணீர் கேனைப் பின்னால் வைத்திருந்தேன், அது மட்டுமே 58 பவுண்டு. ஐ-75 நெடுஞ்சாலையில் 65 மைலைத் தொட்டதும் வண்டி நாய் வாலாட்டுவதுபோல ஆட ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், மெல்ல அடங்கியது. மனைவி அடுத்த ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. இப்போது தண்ணீரும் பேட்டரியும் முன்பக்கப் பெட்டியில். கிளம்பும் முன், காரில் மாட்டாமல், கேம்பரின் முன்நுனிக்கு அடியில் குளியலறை எடைமெஷினை ஒரு மரக்கட்டை மேல் வைத்துப் பார்த்துவிடுவேன். எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

கேள்வி: ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. என்னால் முடியுமா?

எனக்கும் தெரியாது. ஜிக்ஸா (வளைவு வெட்டும் ரம்பம்), ரூட்டர் (மர ஓரத்தைச் சீவும் மெஷின்), டிரில், கிளாம்ப் (பலகையைக் கவ்விப் பிடிப்பது) போதும். கிளாம்ப் மட்டும் எவ்வளவு வாங்கினாலும் இரண்டு குறையும்.

சேஸை, அதாவது அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்தை மட்டும் நீங்களே வெல்டிங் செய்யக் கிளம்பாதீர்கள். மடக்கு டிரெய்லர் கிட் கடையில் 4-க்கு 8 அடியில் கிடைக்கிறது. அச்சு, சக்கரம், விளக்கு எல்லாம் அதிலேயே வரும்.

கேள்வி: அந்த வளைவை எப்படி வரைந்தீர்கள்? கூரைப் பலகை உடையாமல் எப்படி வளைகிறது?

மெல்லிய நீளக் குச்சி ஒன்றை எடுத்து, பலகையில் நாலைந்து ஆணி அடித்து அதன் மேல் வளைத்துப் பிடித்தால், அழகான கோடு தானாக விழும். கம்ப்யூட்டரில் வரைந்ததைவிட எனக்கு இதுதான் பிடித்தது. இரண்டு பக்கச் சுவரையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். கால் அங்குலம் மாறினால்கூட கடைசியில் டிக்கி மூடி சப்பாணியாக உட்காரும்.

சுவர் நான் சாண்ட்விச் மாதிரி செய்தேன்: முக்கால் அங்குலச் சட்டம், இடைவெளியில் ஃபோம், இரண்டு பக்கமும் மெல்லிய ப்ளைவுட். கூரைக்குக் குறுக்கே ரீப்பர் கட்டைகள். தட்டையான இடத்தில் ஓர் அடிக்கு ஒன்று, நெற்றி வளைவில் நெருக்கி அரை அடிக்கு ஒன்று. மேலே 3 மில்லிமீட்டர் பால்டிக் பிர்ச் ப்ளைவுட். அது 5-க்கு 5 அடிப் பலகையாக வரும், 4 அடிச் சேஸுக்கு இருபுறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும் 5 அடி அகல வண்டிக்குக் கச்சிதம். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறது என்று கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். வளைவு இறுக்கமாக இருந்தால் வெந்நீரில் நனைத்த துண்டை அரை மணி போட்டு வைங்க, பிறகு பெல்ட் கட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்க. ஈரம் காயாமல் பசை மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: முதல் வண்டி ஏன் உளுத்தது என்று சொல்லவே இல்லையே?

சொல்கிறேன், மானம் போனாலும் பரவாயில்லை. மூன்றாவது வசந்தத்தில் தார்பாயை எடுத்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். டிக்கிக் கீலுக்குக் கீழே பெயிண்டில் ஒரு சின்னக் கொப்புளம், பட்டாணி அளவு. கட்டைவிரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போய்விட்டது. இழுத்தால் ப்ளைவுட் அடுக்கு அடுக்காகக் கையோடு வந்தது, கருத்து, புளித்த வாடையோடு.

காரணம் ஆறு ஸ்குரூ. கீலை மாட்டும்போது பெயிண்ட் அடித்த தோலைத் துளைத்து நேரே மரத்துக்குள் ஏற்றிவிட்டு, சுற்றி சிலிக்கான் சீலன்ட்டைப் பிதுக்கிவிட்டேன். வண்டி ஓடும்போது அதிர்வில் சிலிக்கான் முடி அளவு விலகும். அந்த முடி அளவு போதும், தண்ணீர் ஏறிக்கொள்ளும், ஏறியது வெளியே வர வழியில்லை. குளிர்காலத்தில் உறைந்து அடுக்கைப் பிளக்கும். மிச்சிகனில் அதற்குப் பஞ்சமே இல்லை.

இரண்டாவது வண்டியில் ஒவ்வொரு துளையையும் ஸ்குரூவைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்தால் கல்லாக இறுகும் பசை) ஊற்றி அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் மறுபடி துளை போட்டேன். இப்போது ஸ்குரூ கடிப்பது எபாக்ஸியை, மரத்தை அல்ல. ஜன்னல், கதவு, கீல் எல்லாவற்றுக்கும் அடியில் பியூட்டைல் ரப்பர் டேப். அது எப்போதும் பிசுபிசுப்பாகவே இருப்பதால் வண்டி ஆடினாலும் கூடவே ஆடிக்கொடுக்கும்.

சிலிக்கானை மட்டும் வண்டியின் வெளிப்பக்கம் எங்கேயும் போடாதீர்கள். அது பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது, பசை ஒட்டாது, நாளைக்குப் பழுது பார்க்க வழியே இருக்காது.

அடுத்து ப்ளைவுட்டின் ஓரம். முகத்தைவிட ஓரம்தான் தண்ணீரை உறிஞ்சும், ஸ்ட்ரா கட்டைப் படுக்கவைத்தது போல. எண்ணெய் பாலியூரித்தேன் வார்னிஷும் மினரல் ஸ்பிரிட்டும் (பெயிண்டை நீர்க்க வைக்கும் திரவம்) சரிபாதி கலந்து, இனி குடிக்காது என்கிற வரை ஓரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அடித்தளத்துக்கும் அப்படியே, சேஸில் ஏற்றும் முன்பே. அடியில் படுத்துக்கொண்டு பிரஷ் பிடிப்பது கொடுமை, மூஞ்சியெல்லாம் சொட்டும்.

கேள்வி: வெளித்தோலுக்கு அலுமினியமா, ஃபைபர்கிளாஸா? யாரோ கேன்வாஸ் துணி என்கிறார்களே?

மூன்றும் நடக்கும். அலுமினியத் தகடு போட்டால் பெயிண்டே வேண்டாம், ஆனால் மூலைப்பட்டை இணைப்புகளில் கவனம் வேண்டும், விலையும் அதிகம். கேன்வாஸ் முறையை ஏழைகளின் ஃபைபர்கிளாஸ் என்பார்கள். பெயிண்டர்கள் தரையில் விரிக்கும் பருத்தித் துணியை, தண்ணீர் தாங்கும் மரப்பசையில் ஒட்டி, மேலேயும் பசை தடவிக் காயவிட்டு, வெளிப்புற லேட்டக்ஸ் பெயிண்டை முதலில் நீர்க்கவும் பிறகு கெட்டியாகவும் அடிப்பது. செலவு மிகக் குறைவு, நாற்றமும் இல்லை. வெயில் ஊரில் இருந்தால் நானே அதைத்தான் செய்திருப்பேன்.

இங்கே பனிக்குப் பயந்து எபாக்ஸியும் கண்ணாடித் துணியும், அதாவது ஃபைபர்கிளாஸ், போட்டேன். மூலைகளை ரூட்டரால் நன்றாக உருட்டிவிடுங்கள், கூர் மூலையில் துணி தூக்கிக்கொண்டு காற்று நிற்கும். எபாக்ஸி இறுகியதும் மேலே மெழுகு போல ஒரு படலம் வரலாம். தேய்க்கும் முன் அதைத் தண்ணீரும் ஸ்கிரப்பரும் வைத்துக் கழுவிவிட வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலம் உள்ளே அமுங்கி, பிறகு பெயிண்ட் உரியும். எபாக்ஸிக்கு வெயிலும் ஆகாது, மஞ்சளித்து மாவாகிவிடும். அதனால் மேலே பெயிண்ட் கண்டிப்பாக வேண்டும்.

கேள்வி: ஸ்பிரே கன் இல்லை. பிரஷ், ரோலரில் பளபளப்பு வருமா?

வரும், பொறுமை இருந்தால். என்னுடையது முழுக்க ரோலர்தான். எண்ணெய் எனாமல், பத்தில் ஒரு பங்கு மினரல் ஸ்பிரிட் கலந்து, 4 அங்குல ஃபோம் ரோலர். ஒருவர் உருட்டிக்கொண்டே போக, பின்னாலேயே இன்னொருவர் நல்ல பிரஷின் நுனியை மட்டும் மேலே இழுத்துக்கொண்டு வரவேண்டும், குமிழி உடைந்து பரப்பு சமமாகும். படகுக்காரர்கள் செய்வது இப்படித்தான். என் மகள் பிரஷ், நான் ரோலர். நான் வேகமாகப் போனால் "அப்பா, நில்லு" என்பாள்.

அதற்கு முந்தைய வேலைதான் முக்கால்வாசி. பட்டி பார்த்து, 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் தேய்த்து, ப்ரைமர் அடித்து, கை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத பள்ளமெல்லாம் அதில் தெரியும். எபாக்ஸிக்கு மேல் கார் பட்டி வேண்டாம், எபாக்ஸியிலேயே நிரப்புப் பொடி கலந்து பூசிக்கொள்ளுங்கள். மெல்லிய கோட் நாலு, தடித்த கோட் இரண்டைவிட நல்லது. ஒவ்வொன்றுக்கும் நடுவே லேசாகத் தேய்க்க வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை மதியுங்கள். அவசரப்பட்டால் அடிக்கோட் சுருங்கி, ஆறிய பாலின் ஆடை மாதிரி மடிந்துவிடும்.

இரண்டு முறை கெடுத்தேன். ஒன்று, செப்டம்பர் கடைசியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அடித்தது. காயும் முன்பே பனித்துளி இறங்கி, காலையில் பார்த்தால் பளபளப்பு போய் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு, ஜூனில் கராஜ் கதவைத் திறந்துவைத்து அடித்தது. எங்கள் தெருவில் காட்டன்வுட் மரங்கள், ஜூனில் இலவம்பஞ்சு மாதிரி விதை பறக்கும். கடைசிக் கோட் முடித்துக் காபி குடிக்கப் போய்த் திரும்பினால் வண்டிக்கு மீசை, தாடி எல்லாம் முளைத்திருந்தது. ஈரத்தில் பிடுங்காதீர்கள். காயவிட்டுத் தேய்த்து மறுபடி ஒரு கோட். அதற்கப்புறம் காலை ஒன்பதுக்குத் தொடங்கி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, மதியத்துக்குள் முடித்துவிடுவேன்.

உள்ளே மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட வேண்டாம். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டுவிட்டு எறியுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? பிக்கப் வண்டியின் சாமான் தட்டுக்கு அடிக்கும் பெட்லைனர் பூச்சை அடித்துவிட்டால்?

அடிக்கலாம். மேடு பள்ளத்தை மறைக்கும், கல் பட்டாலும் உதிராது. ஆனால் சொரசொரப்பில் அழுக்கு பிடித்தால் போகாது. இரண்டு பாகம் கலக்கும் வகையில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. சாதாரண மாஸ்க் போட்டுக்கொண்டு மூடிய கராஜில் ஸ்பிரே செய்தால் நுரையீரலுக்குக் கேடு, ஆஸ்துமாவே வரலாம். வேண்டுமென்றால் ரோலரில், திறந்த வெளியில்.

கேள்வி: மழை பெய்தால் உள்ளேயே தோசை ஊற்றலாமா?

கூடவே கூடாது. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனை இல்லாமல் ஆளைத் தூக்கிவிடும். டிக்கியைத் திறந்து, அதன் நிழலில் நின்று ஊற்றுங்கள். மூடியே குடை. அடுப்பே இல்லாவிட்டாலும் அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் ஒரு அலாரம் உள்ளே வைங்க. கூரையில் 14 அங்குல விசிறி கட்டாயம், ஜன்னலில் விரல் அளவு சந்தும் வேண்டும். இல்லையென்றால் இருவர் மூச்சு விட்டே காலையில் சுவர் வியர்க்கும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: பதிவு, நம்பர் பிளேட்? கோயம்புத்தூரில் செய்து ஓட்ட முடியுமா?

மிச்சிகனில் காலி எடை 2,500 பவுண்டுக்குள் என்றால் டைட்டில் (உரிமைப் பத்திரம்) வேண்டாம், பதிவும் பிளேட்டும் வேண்டும். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு. எங்கே இருந்தாலும் கிட் டிரெய்லரோடு வரும் உற்பத்திச் சான்றிதழைத் தொலைக்காதீர்கள்.

இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பதிவில்லாமல் ரோட்டில் ஏற்ற முடியாது தம்பி. ஆர்டிஓ ஆபீசில் பேசிவிட்டு அப்புறம் ப்ளைவுட் வாங்குங்க.

கேள்வி: ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். அதில் படுப்பார்களா?

என் மாமியார் ஒரு ராத்திரி படுத்தார். ஏறுவதற்கு ஒரு முக்காலி போட்டோம். இறங்கும்போதுதான் முழங்கால் பேசியது. பெரியவர்களுக்கு வண்டி, நமக்குப் பக்கத்தில் டென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி எழுந்து போக ஒரு விளக்கோடு.

கேள்வி: என்ன கலர் அடிக்கலாம்?

கூரைக்கு வெள்ளை அல்லது கிரீம். கருப்பு, கரும்பச்சை எல்லாம் படத்தில் அழகு, ஜூலை மதியத்தில் உள்ளே இட்லிக் குண்டான். பக்கச் சுவருக்கு உங்கள் இஷ்டம். எங்களுடையது கிரீமுக்குக் கீழே மாம்பழ மஞ்சள், மகள் தேர்வு. மீந்த பெயிண்டை ஒரு சின்ன ஜாம் பாட்டிலில் நிறைய ஊற்றி, ஒரு குட்டி பிரஷோடு டிக்கியில் போட்டு வைங்க. முதல் கீறல் முதல் பயணத்திலேயே விழும்.