மகன் பையில் வேப்: பணம் கேட்பவரை நம்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிப் பையில் பென் டிரைவ் மாதிரி ஒரு வேப் (மின் சிகரெட்) இருந்தது. "நிக்கோடின் இல்லாதது, வெறும் ஃபிளேவர்தான்" என்கிறான். தெரிந்தவர் ஒருவர், "கேஸ் ஆனால் படிப்பே போச்சு. 20,000 கொடுங்கள், ஸ்டேஷனில் பேசி முடிக்கிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. புகாரே இல்லாத இடத்தில் அவர் எதைப் பேசி முடிக்கப் போகிறார்? இன்று 20,000 வாங்குகிறவர், பயந்த வீடு என்று தெரிந்துகொண்டு அடுத்த மாதமும் வருவார்.

2019-ஆம் ஆண்டின் மின் சிகரெட் தடைச் சட்டம் விற்பவரையும் கடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பிடிக்க வந்தது. முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. புகைத்ததற்கென்று தனித் தண்டனை அதில் இல்லை. அப்படியே விசாரணை வந்தாலும், 18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். அதனால் படிப்புக்கோ வேலைக்கோ தகுதி போகாது என்று சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது.

"வெறும் ஃபிளேவர்" என்பது விற்றவன் சொல்லிக்கொடுத்த பாடம். நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடைதான். ஒரே ஒரு விலக்கு, மருந்துச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற பொருள். மருந்துக்கடை நிக்கோடின் சூயிங்கம் உரிமம் பெற்ற மருந்து. இந்த விலக்கைக் காட்டித்தான் "இது மெடிக்கல் வேப்" என்று கதை விடுகிறார்கள். உரிம எண் எங்கே என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். அட்டையில் 'ஹெர்பல்' என்று அச்சடித்தால் உரிமம் ஆகிவிடாது.

தடை வந்து இத்தனை வருடமாகியும் பள்ளிப் பிள்ளையின் கைக்கு இது கூரியரில் வருகிறது. சாதாரண சிகரெட்டின் கதையும் இப்படித்தான்: பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் அதை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம்; மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான்! எந்தக் கடைக்காரர் பயப்படுவார்? ஆத்திரமாக வருகிறது.

அந்த வேப்பை வீட்டில் வைத்திருக்காதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். யாரிடம் வாங்கினான் என்பதை அடிக்காமல் கேளுங்கள். விற்றவனோடு நடந்த சாட் உரையாடலை அழிக்கும் முன் படம் எடுத்துவைத்து, விற்றவன் மேல் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். விட முடியாமல் மகன் தவித்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் அவனையே பேச வையுங்கள்.