ஃபைவ் ஸ்ட்ரிங் பேஸ் வாங்கப் போகிறீர்களா? ஓர் அங்குலத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன்...

கேள்வி: சர்ச்சில் நாலு கம்பி பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். பாட்டுகள் பாதிக்கு மேல் டி, ஈ ஃப்ளாட், சி சுருதிகளில் வருகின்றன. அதற்கு ஈ கம்பிக்குக் கீழேயும் ஸ்வரங்கள் வேண்டும், அதனால் கீழே பி கம்பி கூடுதலாக உள்ள ஐந்து கம்பி பேஸுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். கடையில் இரண்டு பிடித்திருக்கிறது. ஒன்றின் ஸ்கேல் நீளம் 34 அங்குலம், மற்றொன்று 35. "34-இல் பி கம்பி தொளதொள என்றிருக்கும், 35 எடுங்கள்" என்கிறார் கடைக்காரர். அது எட்டாயிரம் ரூபாய் அதிகம். கொடுக்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எட்டாயிரம் ரூபாய்க்கான உண்மை இல்லை.

நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) பிரிட்ஜ் (உடலில் கம்பியைத் தாங்கும் பாகம்) வரை கம்பி அதிரும் நீளம்தான் ஸ்கேல் நீளம். அதே கம்பியை அதே ஸ்வரத்தில் வைத்து நீளத்தை மட்டும் கூட்டினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தில் ஏறும். 34-இலிருந்து 35-க்குப் போனால் சுமார் 6 சதவீதம். எந்தக் கம்பியையும் அரை ஸ்வரம் ஏற்றி ட்யூன் செய்தாலே இழுவிசை 12 சதவீதம் கூடும். அதில் பாதிதான் இந்த ஓர் அங்குலம் தருவது. கைக்குத் தெரியும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தொளதொளப்பான பேஸை விறைப்பான பேஸாக மாற்றிவிடும் அளவுக்கு அது பெரியதில்லை.

இப்போது கம்பியின் தடிமனைப் பாருங்கள். பி கம்பி 125 கேஜில் (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அதே ரகத்தில் 130 போடுங்கள். எடை ஏறத்தாழ தடிமனின் வர்க்கத்தில் கூடுவதால் இழுவிசை 8 சதவீதம் வரை ஏறும். ஓர் அங்குலம் தருவதைவிட இது அதிகம், செலவோ ஒரு செட் கம்பிதான். இதற்கும் ஒரு விலை உண்டு: கம்பி தடிக்கத் தடிக்க விறைத்து, மேல் ஹார்மோனிக்ஸ் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் ஒலிகள்) சற்று விலகி, ஒலி கொஞ்சம் மங்கும். நீளமான ஸ்கேலில் அந்தக் குறை இல்லாமலே இழுவிசை கிடைக்கிறது. 35-க்கு இருக்கும் நியாயமான பெருமை அதுதான்.

34 அங்குலம் என்பது 1951-இல் ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸோடு நிலைபெற்ற அளவு. அது நாலு கம்பிக்காக வந்தது. அதில் கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவதாக வந்த பி கம்பியோ 31 ஹெர்ட்ஸ்தான். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பிரிந்து நின்றார்கள். லேக்லேண்ட் நிறுவனம் தன் ஐந்து கம்பி பேஸ்களை 35-இல் செய்தது. பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சன் தன் ஆறு கம்பி பேஸை 36 வரை கொண்டுபோனார். ஆனால் 1987-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஃபைவ் 34-இலேயே நின்றது. அதன் பி கம்பியை நம்பி இன்றுவரை எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள். இன்று கடையில் கிடைக்கும் ஐந்து கம்பி பேஸ்களில் பெரும்பாலானவை 34தான்.

அப்படியானால் சில பேஸ்களில் மட்டும் பி கம்பி ஏன் மண்ணாகக் கேட்கிறது? நெக் உடலோடு சேரும் இடம் இறுக்கமாக இல்லாமல் இருக்கலாம். நட்டில் வெட்டிய பள்ளம் கம்பிக்குப் பொருந்தாமல் இருக்கலாம். கம்பி பழசாக இருக்கலாம். பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) உயரம் தவறாக இருக்கலாம். இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி காரணமாவது ஆம்ப். சின்ன பிராக்டிஸ் ஆம்பின் ஸ்பீக்கர் 31 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தள்ளாது. அதில் கேட்டுவிட்டு பேஸைக் குறை சொல்வது அநியாயம்.

கடைக்குப் போனால் இப்படிப் பாருங்கள். பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள நல்ல ஆம்பைக் கேட்டு வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். டோன் குமிழ் எதையும் திருக வேண்டாம். பி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வரும் ஈ-யையும் பக்கத்துத் திறந்த ஈ கம்பியையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். இரண்டும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவதுபோல் கேட்க வேண்டும். அப்புறம் மூன்றாவது ஃப்ரெட்டில் உங்கள் டி, நாலாவதில் ஈ ஃப்ளாட், முதலாவதில் சி. சர்ச்சில் நீங்கள் நிற்கப்போகும் இடம் அதுதான், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே அல்ல. கடைசியாக ட்யூனரைப் போட்டு, திறந்த பி-யை ஒருமுறை மெதுவாக, ஒருமுறை பலமாக மீட்டுங்கள். பலமாக மீட்டும்போது முள் வெகுதூரம் ஷார்ப் பக்கம் (சுருதி ஏறும் பக்கம்) ஓடித் திரும்பினால் கம்பி உங்கள் கைக்குத் தளர்வு.

34 இந்தச் சோதனையில் தேறினால் அதையே எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் 130 பி கம்பியுள்ள நல்ல செட்டும், விவரம் தெரிந்தவரிடம் ஒரு செட்டப்பும் (பேஸைச் சரிபார்த்துச் சீரமைத்தல்) செய்துகொள்ளுங்கள். கம்பி தடித்தால் நட்டின் பள்ளம், நெக்கின் வளைவு, இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வருவது) மூன்றையும் பார்த்தாக வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து 35-தான் தெளிவாக நன்றாக இருக்கிறது என்று உங்கள் காதே சொன்னால் அதை வாங்குங்கள். எண்ணைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்களுக்குக் குறைவது அந்தக் கீழ் டி மட்டும்தான் என்றால், இருக்கிற நாலு கம்பியிலேயே ஈ-யை டி-க்கு இறக்கும் லீவர் உள்ள முறுக்காணியைப் பொருத்தலாம். ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் அந்த வேலைக்கென்றே உள்ளது. சி-யும் வேண்டும் என்றால் ஐந்து கம்பிதான் சரி.

கேள்வி: எனக்குக் கை சின்னது. 35 அங்குலத்தில் விரல் எட்டாது என்று பயமுறுத்துகிறார்கள். 30 அங்குலத்தில் ஐந்து கம்பி பேஸ் வாங்கலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை 34-இல் சுமார் 130 மில்லிமீட்டர், 35-இல் சுமார் 133 மில்லிமீட்டர். ஆக, விரல் விரிப்பில் வித்தியாசம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. தோள்பட்டைக்குத்தான் அது அதிகம் தெரியும், நட் தள்ளிப் போவதால் இடது கையை இன்னும் நீட்ட வேண்டிவரும். நின்றுகொண்டு, ஸ்ட்ராப் போட்டு, கால்மணி நேரம் வாசித்துப் பாருங்கள். உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது.

30-இல் அதே விரிப்பு 114 மில்லிமீட்டராகிவிடும், கைக்குச் சுகம். ஆனால் அதே பி கம்பியின் இழுவிசை 34-ஐவிட 22 சதவீதம் குறையும். அதை ஈடுகட்டத் தடித்த கம்பி போட்டால் ஒலி மங்கும். எனவே உங்களுக்கு என் பரிந்துரை 34தான். கீழ் ஃப்ரெட்களில் ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று வைக்காமல், டபுள் பேஸ் வாசிப்பவர்கள்போல ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை மட்டும் பயன்படுத்துங்கள். மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணையாக இருக்கும். அவர்களுடைய வாத்தியத்தில் கம்பி 41 அங்குலத்துக்கும் மேல், அதையே இந்த முறையில் சமாளிக்கிறார்கள். மணிக்கட்டில் ஏற்கெனவே வலி இருந்தால் மட்டும் 30 அங்குலம் போன்ற நாலு கம்பி ஷார்ட் ஸ்கேல் பக்கம் போங்கள்.

கேள்வி: ஃப்ரெட்கள் விசிறிபோல் சாய்ந்திருக்கும் பேஸ் எப்படி?
– வாசகர், கோவை

பதில்: பி கம்பிக்கு நீளம், மேல் கம்பிகளுக்குக் குறைவு என்ற ஏற்பாடு அது. டிங்வால் நிறுவனத்தின் பல ஐந்து கம்பி மாடல்களில் 37-இலிருந்து 34 வரை. 34-ஓடு ஒப்பிட்டால் பி கம்பியில் இழுவிசை 18 சதவீதம் கூடுகிறது. இது நிஜமாகவே வேறு அனுபவம். மெட்டல் வாசிப்பவர்கள், பி-க்கும் கீழே ட்யூன் செய்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். கை ஒரு வாரத்தில் பழகிவிடும். கம்பிதான் தொல்லை. அந்த நீளத்துக்கான பி கம்பி எல்லாக் கடையிலும் இருக்காது, வாங்கும்போதே இரண்டு செட் சேர்த்து வாங்கி வையுங்கள்.

கேள்வி: பழைய பேஸ் ஒன்று விலைக்கு வருகிறது. விற்பவர் 35 அங்குலம் என்கிறார். எப்படி உறுதி செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: நட்டின் விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நடு வரை டேப் வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். பதினேழரை வந்தால் 35, பதினேழு வந்தால் 34. பிரிட்ஜ் வரை நேராக அளக்காதீர்கள். இன்டொனேஷனுக்காக சாடில்கள் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டுகள்) பின்னால் தள்ளியிருக்கும், பி கம்பியினுடையது இன்னும் அதிகமாக, அதனால் 34-கூட நீளமாகக் காட்டும்.

35-தான் என்றால் கம்பி உடலுக்குப் பின்னாலிருந்து வருகிறதா, பிரிட்ஜிலேயே தொடங்குகிறதா என்றும் பாருங்கள். பின்னாலிருந்து வந்தால் சாதாரண லாங் ஸ்கேல் (34 அங்குலத்துக்கான) செட் எட்டாமல் போகலாம், தடித்த சுற்று நட்டைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். கம்பி நுனியிலுள்ள உலோகப் பந்து உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்து, அந்த அளவோடு கம்பி வாங்குங்கள். மிச்சக் கம்பியை நறுக்கும் முன் வெட்டும் இடத்துக்கு உள்பக்கம் நன்றாக மடக்கிவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் சுற்று அவிழ்ந்து புதுக் கம்பியே செத்துப்போகும்.