மறு: ‘கொடி’யை ‘கெடி’ என்று படிக்கும் மகன்

சகோதரி, மூன்றாவது படிக்கும் மகன் ‘கொடி’யை ‘கெடி’ என்கிறான், டிஸ்லெக்சியாவோ (வாசிப்பதில் தடுமாற்றம் தரும் கற்றல் குறைபாடு) என்று கேட்டிருக்கிறீர்கள். டீச்சர் சொன்ன இம்போசிஷனால் இது தீராது, கைதான் வலிக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் துணைக்கால் வேறு தனியாகத் தள்ளி நிற்கிறது. இந்தப் பிள்ளைகள் தடுமாறாமல் என்ன செய்யும்? கொம்பு, க, கால் மூன்றையும் சிவப்பில் எழுதி, ‘டி’யைக் கறுப்பில் எழுதுங்கள். தட்டில் ரவையைப் பரப்பி, ‘கொ’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். ‘கெ’ நன்றாகப் பிடிபட்ட பிறகு ‘கொ’வுக்குப் போனால் போதும். அப்புறம், டிஸ்லெக்சியாதானா என்று முறையான மதிப்பீடு செய்துவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.