தனியாகப் பிரசவம் பார்த்துப் பிழைக்க முடியுமா?

கேள்வி: அரூர் பக்கம் எங்கள் ஊர். நர்சிங் முடித்து, பத்து வருஷத்துக்கு மேல் பிரசவ வார்டில் வேலை பார்த்தேன். வீட்டோடு சேர்த்து சின்னதாக ஒரு பிரசவ மையம் தொடங்க ஆசை. நிலைக்குமா?

பிரசவக் கட்டணத்தை நம்பினால் நிலைக்காது, சகோதரி. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலையை நம்பினால் வாய்ப்பு உண்டு.

அரூர் அரசு மருத்துவமனையிலோ தருமபுரி மருத்துவக் கல்லூரியிலோ சிசேரியன் ஆனாலும் செலவில்லை. போதாததற்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். அதில் ஒரு தவணை, அரசு மருத்துவமனையில் பிரசவமானால்தான் வரும். உங்களிடம் வந்தால் அதுவும் போச்சு, உங்களுக்கும் பணம் தர வேண்டும். மாமியார்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

சட்டமும் சுலபமில்லை. நர்சிங் கவுன்சில் பதிவு மட்டும் போதாது. மையம் என்றால் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவ நிறுவனப் பதிவு, நஞ்சுக்கொடியையும் ஊசியையும் அகற்ற மருத்துவக் கழிவு அனுமதி எல்லாம் வேண்டும். 2018இல் மத்திய அரசு அறிவித்த 18 மாத மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலியர்) பயிற்சியும் அரசு மருத்துவமனைக்குள் வேலை செய்வதற்குத்தான்.

எல்லாவற்றையும் விட ஆளை ஒடிப்பது காத்திருப்பு. 37ஆவது வாரத்திலிருந்து 42 வரை எந்த ராத்திரியும் வலி எடுக்கலாம். ஒரு தாய்க்கே ஐந்து வாரம். மாதம் நாலு பேர் என்றால் வருஷம் முழுக்க ஊரை விட்டு நகர முடியாது. தங்கை கல்யாணத்துக்குக்கூட போனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்பீர்கள். தனி ஆளாகவும் பார்க்கக் கூடாது. தாய்க்கு ரத்தம் கொட்டும்போது கருப்பையைப் பிசைந்துகொண்டிருப்பீர்கள். அதே நேரத்தில் குழந்தை அழவில்லையென்றால் முதல் நிமிஷத்துக்குள் மூச்சுக் கொடுக்கும் பையை (அம்பு பேக்) பிடிப்பது யார்? ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் ஊசிமருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கரண்ட் போனாலும். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற தருமபுரியோ அரூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்.

சரி, என்ன செய்யலாம்? பெங்களூரு, ஓசூரில் குடியிருக்கிற நம் பெண்கள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறார்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். சுகப்பிரசவமென்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பால் கட்டி மார்பு கல்லாவதும், குழந்தை காம்பைச் சரியாகப் பிடிக்காமல் கத்துவதும், கண்ணில் மஞ்சள் தெரிவதும் அதற்கப்புறம்தான். கிராம சுகாதார செவிலியர் வருவார். ஆனால் சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பதே அளவு, அவரால் தினமும் வர முடியாது. அந்த இடம் உங்களுடையது. பிரசவத்துக்கு முன் இரண்டு தடவை, பின்னால் ஐந்து தடவை போய்ப் பாருங்கள். ஒரு மகப்பேறு மருத்துவரிடம் பேசி வைத்து, சந்தேகம் வந்தால் உடனே அனுப்பிவிடுங்கள். ரத்தப்போக்கு, வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் உங்களுக்குப் போன் போடாமல் 108க்குப் போடச் சொல்லி முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வருமானம் பிடிபடும் வரை பகுதிநேர வேலையை விடாதீர்கள்.

கட்டணத்தை மொத்தமாகப் பேசி, பாதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் பாக்கி வருவது கஷ்டம்.