மருத்துவர் பதில்: அடுத்த குழந்தைக்கும் அதே நோய் வருமா?

சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: தாய்மாமனைக் கட்டியிருக்கிறேன். முதல் பையன் ஐந்து மாதத்தில் நிமோனியாவில் போய்விட்டான். பிறந்ததிலிருந்தே வாயெல்லாம் வெள்ளை பூத்து, பேதி நிற்காமல் இருந்தது. ஜீன் ரிப்போர்ட்டில் ஏடிஏ என்சைம் குறை என்று வந்தது. என்சைம் இல்லாவிட்டால் எதிர்ப்புச் சக்தி எப்படிப் போகும்? மாமியார் என் பால்தான் சேரவில்லை என்கிறார். இப்போது ஒன்பது வாரம்.

முதலில் பால் விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

செல்கள் உடைந்து புதுசாகும்போது மிஞ்சுகிற டிஆக்சிஅடினோசின் என்ற கழிவை அப்புறப்படுத்துவதுதான் ஏடிஏவின் வேலை. அது இல்லையென்றால் கழிவு தேங்கி விஷமாகிறது, அதிகம் அடிபடுவது கிருமியை எதிர்க்கும் லிம்போசைட்கள்தான். 1972-லேயே கண்டுபிடித்த சங்கதி. ஆனாலும் இன்றைக்கும் சாதாரண சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினையும் மொத்த வெள்ளணுவையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம், டாக்டர்களான எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கைக்குழந்தைக்கு லிம்போசைட் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 3000-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் தாத்தா பாட்டியில் யாரோ ஒருவரிடம் இருந்த பழுதான ஜீன் உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும், நேராக உங்கள் கணவருக்கும் வந்திருக்கலாம். ஆளுக்கு ஒன்று என்பதால் உங்கள் இருவருக்கும் நோய் இல்லை, இரண்டும் சேர்ந்து வாங்கிய பிள்ளைக்குத்தான் வரும். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அதுவும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனித்தனியாக. ஒன்று போய்விட்டது, இனி மூன்று தப்பும் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

பையனின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வேலூர் போங்கள், பக்கம்தானே. 11 வாரம் ஆனதும் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்க்கலாம். அது வேண்டாமென்றால் சரி, ஆனால் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தே ஆக வேண்டும். ரிசல்ட் வரும்வரை பிசிஜி ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு எதுவும் கூடாது, உயிருள்ள கிருமி அவை. நர்ஸ் வழக்கப்படி போட வருவார், முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோய் இருந்தாலும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது, தொற்று பிடிக்கும் முன் செய்தால் நன்றாகவே பலிக்கும்.

அப்புறம், உங்கள் தங்கையைக் கணவரின் தம்பிக்கே பேசுகிறார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, நிச்சயத்துக்கு முன் இருவருக்கும் அதே ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.